இடாப்பில் ஏறிய பெயர்கள்

எங்கள் தொகுதியின் பழைய எம்.பி. அடுத்த தேர்தலில் நிற்கப்போவதில்லை என்பதை, வாசலில் சும்மா போட்டுவிட்டுப் போகும் உள்ளூர்ப் பத்திரிகையில்தான் படித்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வட லண்டனில், எட்மண்டனுக்கு அண்மையில், ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் நானும் இவரும் வாடகைக்கு இருந்தோம். இவர் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் வேலை செய்தார். நான் பக்கத்து ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு பரிமாறினேன். அதே மாடியிலிருந்த சின்ன அறையில் என் தம்பி இருந்தான்.

தம்பி ஜேர்மனி வழியாக வந்து அகதி மனுப் போட்டு நான்கு வருடமாகியிருந்தது. முடிவு வரவில்லை. அவனுக்காக நான் அந்த எம்.பி.யை ஒருமுறை போய்ச் சந்தித்திருந்தேன். நூலகத்தின் பக்க அறையில் மாதத்தில் ஒருநாள் ஆட்களைப் பார்ப்பார். நான் சொன்னதை மரியாதையாகக் கேட்டார். எதையும் குறித்துக்கொள்ளவில்லை. மனுவை உரிய இடத்துக்கு அனுப்பிவிட்டதாக இரண்டு வரியில் ஒரு கடிதம் வந்தது. அதோடு சரி. அவர் போகிறார், இனி யாரோ புது ஆள் வரப்போகிறார் என்று வாசித்தபோது அந்தக் கடிதம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

செப்டெம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை, வாக்குக் கேட்டு வீடு வீடாகப் போகும் ஒரு வயதான ஆங்கிலப் பெண் எங்கள் கதவைத் தட்டினார். கையில் ஓர் அட்டையும் அதில் செருகிய தாள்களும். வீட்டுக்காரரின் பெயரையும் அவர் மனைவியின் பெயரையும் தட்டுத்தடுமாறி வாசித்தார். இருவரும் வெளியே போயிருக்கிறார்கள் என்றேன். உங்கள் பெயர் என்ன, பட்டியலில் இல்லையே என்று கேட்டார். நான் இந்த நாட்டுக் குடிமகள் இல்லை, எனக்கு வாக்கு இல்லை என்றேன். எந்த நாடு என்று கேட்டார். இலங்கை என்றதும் சிரித்தார். பொதுநலவாய நாட்டுக்காரர், அதாவது கொமன்வெல்த் ஆட்கள், இங்கே வசித்தால் வாக்களிக்கலாம், பாஸ்போட் நிறம் தேவையில்லை, ஒக்டோபரில் வரும் படிவத்தில் பெயரை எழுதினால் போதும் என்று நிதானமாக விளங்கப்படுத்தினார்.

ஆறு வருடம் லண்டனில் இருந்துவிட்டேன். ஒருவரும் இதைச் சொன்னதில்லை. நானும் ஒருவரையும் கேட்டதில்லை.

இவருக்குச் சொன்னபோது அக்கறை காட்டவில்லை. வாக்குப் போட்டு ஊரில் என்னத்தைக் கண்டோம் என்றார். திங்கட்கிழமை வேலை முடிந்ததும் நகரசபைக்கு நேரே போய் விசாரித்தேன். அங்கிருந்த எழுத்தர் அந்தப் பெண் சொன்னது சரி என்றார். வாக்காளர் இடாப்பு என்ற அந்தப் பெயர்ப் பட்டியல் வருடத்துக்கு ஒருமுறைதான் தயாராகும், இப்போது தவறவிட்டால் வருகிற தேர்தலுக்கு வாக்கு இல்லை. வீட்டுத் தலைவர் பெயரை எழுதாமல் விட்டால், முதல் வரைவான நகல் பட்டியல் நூலகத்துக்கு வந்த பிறகும் நாமாகவே மனுப் போடலாம் என்று சொல்லி அதற்கான படிவம் ஒன்றைக் காட்டினார். எத்தனை வேண்டும் என்று கேட்டார். இருக்கிறதெல்லாம் தாருங்கள் என்றேன்.

ஒக்டோபரில் வீட்டுக்காரரின் பெயருக்குப் படிவம் வந்தது. அவர் எழுபதுகளில் மாணவராக வந்து கணக்காளரானவர். நல்ல மனிதர்தான். எங்களுக்கு இருக்க இடம் தந்தவர். ஆனால் அறை அறையாக வாடகைக்கு விட்டிருப்பது நகரசபைக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் அவருக்கு எப்போதும் இருந்தது. போதாததற்குப் போல் டாக்ஸ் காலம். ஆளுக்கு ஒரு வரி என்பதால் பாதி ஊர் தன் பெயரை எங்கேயும் எழுதாமல் ஒளித்துக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, ஃபோம் என்ர பேருக்கு வந்தது. நான் எங்கட ரெண்டு பேரையும்தான் எழுதுவன்," என்றார்.

"நாங்களும் இஞ்சைதானே அண்ணை இருக்கிறம்."

"இருங்கோ. ஆர் வேண்டாமெண்டது? எழுதிக் காட்டத் தேவையில்லை."

"அப்ப நாங்கள் தனியா எழுதிக் குடுக்கிறம்," என்றேன்.

அவர் தன் படிவத்தை மடித்து உறையில் போட்டார். நான் மேலே போய் எங்கள் மூன்று பேருடையதையும் நிரப்பினேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தெருத் தெருவாக நடந்தேன். எங்கள் தொகுதிக்குள் எந்தெந்த வீட்டில் தமிழாட்கள் இருக்கிறார்கள் என்று கோயிலிலும், மாதா கோயில் பூசைக்கு வருபவர்களிடமும் விசாரித்து ஒரு கொப்பியில் எழுதிவைத்திருந்தேன். சிலர் உடனே எழுதித் தந்தார்கள். சிலர் தேத்தண்ணி தந்து, கதைத்து, பிறகு பார்ப்போம் என்றார்கள். போல் டாக்ஸ் வருமா என்று கேட்டவர்களிடம் வரலாம் என்றுதான் சொன்னேன். பொய் சொல்லி எழுதுவிக்க எனக்கு மனமில்லை. அதைக் கேட்டதும் கதவைச் சாத்தியவர்களும் உண்டு.

ஒரு வீட்டில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இருந்தார். மனைவியோடு மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். அவருடைய ஒரே மகன் எண்பத்திமூன்றுக் கலவரத்தில் கொழும்பில் இறந்துபோனான் என்று எனக்கு முன்பே தெரியும். படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"லிஸ்டிலை பேர் இருந்தா என்ன நடக்கும் எண்டு உமக்குத் தெரியாதோ பிள்ளை?"

"தெரியும் ஐயா. எங்கட வீட்டுக்கு வந்தவங்களின்ர கையிலையும் அதுதான் இருந்தது."

அதை லண்டனில் நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அன்றைக்கு அவருக்குச் சொன்னேன். அதே கலவரத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குக் கூட்டம் வந்தபோது நாங்கள் பக்கத்துச் சிங்கள வீட்டுக் குளியலறையில் ஒளிந்திருந்தோம். சின்ன யன்னலால் பார்த்தேன். வெள்ளைச் சேட்டு போட்ட ஒரு பெடியன், படித்தவன்போல இருந்தான், கையில் வாக்காளர் இடாப்பின் தாள்கள். விரலை வைத்து வரி வரியாகப் பார்த்து, எங்கள் கேற்றிலிருந்த இலக்கத்தோடு சரிபார்த்தான். பிறகு தலையை ஆட்டினான். அந்தத் தாளில் எங்கள் எல்லோருடைய பெயரும் பிழையில்லாமல் இருந்திருக்கும். என் அப்பா வருடம் தவறாமல் அழகான கையெழுத்தில் நிரப்பிக் கொடுப்பவர்.

தபாலதிபர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதுக்குப் பிறகுமோ இந்த வேலை செய்யிறீர்?" என்றார்.

"ஓம் ஐயா. அங்கை எங்கட பேரைப் பாத்துத்தான் தேடி வந்தாங்கள். இஞ்சை எங்கட பேர் ஒரு இடத்திலையும் இல்லை. என்ர தம்பியின்ர ஃபைல் நாலு வருசமா ஆரின்ர மேசையிலயோ கிடக்குது. அதைப் பற்றிக் கேக்கவேண்டிய ஆளுக்கு நாங்கள் இருக்கிறமெண்டே தெரியாது. பயந்துகொண்டு எவ்வளவு காலத்துக்கு இருக்கிறது?"

"நான் எழுதமாட்டன் பிள்ளை. என்னாலை ஏலாது."

சரி ஐயா என்று எழும்பினேன். அவரை வற்புறுத்த எனக்கு என்ன உரிமை? அப்போது குசினி வாசலில் நின்ற அவருடைய மனைவி, கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"எனக்கு ஒண்டு தாரும்," என்றார்.

மேசையில் உட்கார்ந்து எழுத்துகளைத் தூரப்பிடித்துப் பார்த்தார். தெரியவில்லை. தபாலதிபர் மடியிலிருந்த தன் கண்ணாடியை எடுத்து அவரிடம் நீட்டினார். அந்த அம்மா ஒவ்வோர் எழுத்தாக, நேரம் எடுத்து, தன் பெயரை எழுதினார்.

நவம்பர் முடிவில் நகல் பட்டியல் நூலகத்துக்கு வந்தது. எங்கள் மூன்று பேருடைய பெயரும் அதில் இருந்தன. வீட்டுக்காரரும் போய்ப் பார்த்திருக்கிறார். அடுத்த நாள் எங்கள் இருவரையும் கீழே கூப்பிட்டார். நகரசபையிலிருந்து கடிதம் வருவதற்கு முன்னர் தான் வீட்டை ஒழுங்குபடுத்த வேண்டும் என்றும், தை மாதத்துக்குள் நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டால் நல்லது என்றும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. என் முகத்தைப் பார்க்கவுமில்லை.

மேலே வந்து கட்டிலில் இருந்தேன். இவர் என்னை ஏசுவார் என்றுதான் நினைத்தேன். குளிர்காலத்தில் வீடு தேடுவது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். இவரோ, இன்னும் எத்தனை வீடு மிச்சம் என்று கேட்டார். கொப்பியைக் காட்டினேன்.

"தா. ரெண்டு தெரு நான் போறன். வீடும் போயிட்டுது, இனி ஏன் பாதியிலை விடவேணும்?"

மனுப் போடும் கடைசி நாள்வரை இருவரும் நடந்தோம். ஷிப்ட் முடித்து, பெற்றோல் மணக்கும் அதே ஜக்கெற்றோடு இவர் போவார். நான் பத்து வார்த்தையில் சொல்வதை இவர் இரண்டில் சொல்வார். ஆனாலும் என்னைவிட இவரிடம்தான் கூடுதலான பேர் கையெழுத்து வைத்தார்கள். கட்டுக்கட்டாகப் படிவங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது நகரசபை எழுத்தர் எங்களுக்குக் கதிரை போட்டார்.

தையில், தொகுதிக்கு வெளியே, ஒரு கடைக்கு மேலே இருந்த அறைக்குக் குடிபோனோம். தம்பி தொகுதிக்குள்ளேயே ஒரு நண்பனின் அறையில் ஒதுங்கிக்கொண்டான். இடம் மாறினாலும் அந்தத் தேர்தலுக்கு எங்கள் வாக்கு பழைய விலாசத்தில்தான்.

தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு தேவாலய மண்டபத்தில் வேட்பாளர்கள் மூன்று பேரும் ஒரே மேடையில் பேசினார்கள். பழைய எம்.பி. போன இடத்துக்கு மூவருமே புது ஆட்கள். தமிழர் பத்துப் பதினைந்து பேர் பின்வரிசையில் இருந்தோம். உயரமான வேட்பாளர் எங்களைக் கண்டுவிட்டு, கடுமையாக உழைக்கும் நம் தமிழ் நண்பர்களும் வந்திருப்பது மகிழ்ச்சி, ஒருநாள் அவர்களும் குடிமக்களாகி வாக்களிப்பார்கள் என்று நம்புகிறேன் என்றார்.

நான் எழும்பினேன். முன்கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் இப்போதே வாக்காளர்கள், இடாப்பு நூலகத்தில் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். யாரோ கைதட்டினார்கள். நான் உட்காராமல், நான்கு வருடமாகப் பதில் வராத ஓர் அகதி மனுவுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று மூன்று பேரையும் கேட்டேன். உயரமானவர் சட்டத்தைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் நியாயத்தைப் பற்றிப் பேசினார். மூன்றாவதாக இருந்த பெண், முடிவு எப்படி வரும் என்று தன்னால் உறுதி தர முடியாது, ஆனால் எழுத்தில் கேட்டு, வரும் பதிலை எனக்குக் காட்டுவதாகச் சொன்னார். என் வாக்கு யாருக்கு என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

தேர்தலன்று இரண்டு பஸ் மாறிப் போனோம். நான் வேலை செய்த பள்ளியின் சாப்பாட்டு மண்டபம்தான் வாக்குச்சாவடி. நான் தினமும் மேசை துடைக்கும் இடத்தில் மறைப்புத் தட்டிகள் வைத்திருந்தார்கள். மேசையிலிருந்த அலுவலர் என் பெயரை உரக்க வாசித்தார். பாதி பிழை. அடிமட்டக் கோலை வைத்து அதன்மேல் ஒரு கோடு இழுத்தபோது, வெள்ளைச் சேட்டுப் பெடியனின் விரல் எனக்கு ஞாபகம் வந்தது. வாக்குச்சீட்டை வாங்கிக்கொண்டு, நூலில் கட்டியிருந்த பென்சிலால் அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே அழுத்திப் புள்ளடி போட்டேன். வெளியே வந்தபோது அந்தத் தபாலதிபர் தன் மனைவியைக் கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டு, கேற்றுக்கு வெளியே குடையோடு காத்துக்கொண்டு நின்றார். எனக்குத் தலையசைத்தார்.

நான் வாக்களித்த பெண் தோற்றுப்போனார். உயரமானவர் வென்றார். இவ்வளவு நடந்தும் இப்படியா என்று இரண்டு நாள் மனம் ஆறவில்லை. மூன்றாம் நாள், புது எம்.பி. ஆட்களைச் சந்திக்கும் நாள் எது என்று நகரசபையில் கேட்டு எழுதி வந்தேன். அவருக்கு வாக்களித்தவர்களுக்கு மட்டுமா அவர் எம்.பி.?

தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் என்னைக் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டார்.

இடாப்பைப் பார்த்தேன் என்றார். பார்த்துவிட்டு, எங்களை வாக்காளர்களென்று சொல்லாததற்குத் தன் ஆட்களிடம் கோபித்துக்கொண்டதாகவும் சொன்னார். பிறகு பேனாவைத் திறந்து, தம்பியின் கோப்பு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார். ஆறு கிழமையில் பதில் வந்தது, விசாரணையில் இருக்கிறது என்று. திரும்பவும் போனோம். திரும்பவும் எழுதினார். தம்பி சலித்துப்போய் விடுவோம் அக்கா என்றான். நான் விடவில்லை. வாக்களித்த மற்றச் சிலரும் தங்கள் கடிதங்களைக் கொண்டுவந்து என்னைப் போகச் சொன்னார்கள். துணைக்கு வாறன், கதைக்கவேண்டியது நீங்கள்தான் என்று சொல்லி அவர்களையே உள்ளே அனுப்பினேன்.

ஒன்றரை வருடம் கழித்துத் தம்பிக்கு இருக்க அனுமதி கிடைத்தது. எம்.பி.யின் கடிதங்களாலா, அல்லது அதற்கு நேரம் வந்துவிட்டதாலா என்று எனக்குத் தெரியாது. தம்பி உறையைத் திறந்து, நின்றபடியே இரண்டுமுறை வாசித்தான். அன்றைக்கு அவனுக்குப் பின்னேர ஷிப்ட். கடிதத்தை என் கையில் தந்துவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். நான் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு, இன்னும் காத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவுமென்று, அந்தக் கடிதத்தைப் பிரதி எடுக்கப் புறப்பட்டேன்.