கடன் திருநாள்

என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் தர்மவான் என்று பெயர் எடுத்திருந்தார். பெயரை அவர் எடுத்தார், செலவை நான் சமாளித்தேன். லாரிக்கு மரத்தில் பாடி கட்டும் பட்டறையில் அவர் மேஸ்திரி. கட்டி முடித்த லாரி பட்டறையை விட்டு வெளியே போனால்தான் கையில் காசு. வந்த அன்றே அந்தக் காசுக்குக் கால் முளைத்துவிடும். மாதா கோயில் கூரைக்கு ஓடு, யாரோ ஒருவர் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம், வழியில் பார்த்தவருக்குப் பஸ் சார்ஜ். கேட்டால், "சர்வேசுரன் பாத்துக்குவாரு புள்ள" என்பார். சர்வேசுரன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அரிசி பருப்பு கொடுத்தவர் தெருமுனை மளிகைக்கடைக்காரர்.

அவர் சைவம், பரம சாது. முட்டையைத் தொடமாட்டார், பாக்கியைக் கேட்கமாட்டார். என்னைக் கண்டால் ஏதோ அவர்தான் எங்களுக்குப் பாக்கி மாதிரி தலையைக் குனிந்துகொள்வார். அறுபதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆடிக் கடைசியில்தான் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"ஏனுங்கம்மிணி, தப்பா நெனைச்சுக்காதீங்க. ஆவணில புள்ளைக்குக் கல்யாணமுங்க. தோடு ஆசாரிகிட்டயே கெடக்குதுங்க. ஒரு நாப்பது ரூவா கொறையுது."

எங்கள் பாக்கி நாற்பத்திரண்டு. அதை அவர் சொல்லவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"கடன் திருநாளுக்குள்ள லாரி வெளிய போயிருங்கண்ணா. காசு வந்துரும்" என்றேன்.

"அதென்னங்க கடன் திருநாளு?"

கத்தோலிக்கர்கள் கட்டாயம் பூசை காணவேண்டிய திருநாட்கள் சில உண்டு. கடன் என்றால் அங்கே கடமை என்று பொருள். ஆகஸ்டு பதினைந்து, மாதா பரலோகத்துக்கு எழுந்தருளிய நாள், அதில் ஒன்று. நாட்டுக்கு விடுதலை நாள், எங்களுக்குக் கடன் திருநாள். இதையெல்லாம் விளக்க அடுப்பில் இருந்த உலை விடாது. "ஆகஸ்டு பதினஞ்சுங்கண்ணா. அன்னைக்குக் கோயிலுக்குப் போயே ஆகணும். தவறுனா பாவம்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்தது. "நல்ல வழக்கமுங்க. கடனத் தீக்கறதுக்குன்னே சாமி ஒரு நாளு வெச்சிருக்குது. எங்களுக்கு அப்படி இல்லீங்களே. நானும் கோயிலுக்கு வாரேனுங்க."

அவர் என்ன புரிந்துகொண்டார் என்று எனக்குப் புரிந்தது. திருத்த வாயைத் திறந்தேன். எதற்கு என்று மூடிக்கொண்டேன்.

லாரி திருநாளுக்கு முந்தின நாள் போனது. வீட்டுக்காரர் சட்டைப் பையில் ஐம்பது ரூபாயோடு வந்தார். தோட்டு விஷயத்தைச் சொன்னேன். "பூசை முடியட்டும் புள்ள. சாமிக்குச் செய்யறத முதல்ல செய்வோம்" என்றார்.

எங்கள் பங்குக் கோயிலில் திருநாள் பூசைக்குப் பிறகு ஏலம் உண்டு. நேர்ச்சையாக வந்த கோழி, பூசணிக்காய் எல்லாவற்றையும் கோயில் வாசலில், சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் ஏலம் விடுவார். பொருளுக்கு ஆசைப்பட்டு யாரும் கேட்பதில்லை. காசு கோயிலுக்கு, எடுத்தவரைப் பற்றிய பேச்சு அடுத்த திருநாள் வரைக்கும். அன்று வீட்டுக்காரர் கோழியை விட்டுக்கொடுத்தார். பூசணிக்காயையும் விட்டுக்கொடுத்தார். எனக்கு மூச்சு வந்தது. அடுத்து ஒரு முட்டை வந்தது. லாரி முதலாளி ஒருவர் எட்டணா என்றார். இவர் ஒரு ரூபாய் என்றார். முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. முட்டை பத்து ரூபாயில் இவரிடம் வந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓய்ந்ததும் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வெளுத்த வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக மளிகைக்கடைக்காரர் நின்றிருந்தார்.

"மேஸ்திரி, சாமி கடனத் தீத்துட்டீங்க. சந்தோசமுங்க. நம்மளதுக்கு நான் எந்த வரிசைல நிக்கோணுமுங்க?"

அதில் குத்தல் துளிக்கூட இல்லை. இருந்திருந்தால் வீட்டுக்காரர் தப்பித்திருப்பார்.

பங்குச்சாமியார் என்ன விஷயம் என்று கேட்டார். "இன்னைக்குக் கடன் தீக்கற திருநாளுன்னு அம்மிணி சொன்னாங்க சாமி" என்றார் கடைக்காரர். சாமியார் என்னைப் பார்த்தார். நான் மாதா சுரூபத்தைப் பார்த்தேன்.

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்ற சாமியார் வீட்டுக்காரரிடம் திரும்பினார். "முட்டைய வச்சிட்டு முதல்ல அவருக்குக் குடுப்பா."

நாற்பத்திரண்டு ரூபாய் கை மாறியது. முட்டை மறுபடி ஏலத்துக்கு வந்தது. இந்த முறை யாரும் வாய் திறக்கவில்லை. தன்னால் சாமிக்கு நஷ்டம் வந்துவிட்டதே என்று கடைக்காரர் தவித்துப்போய், "ஒரு ரூவாங்க" என்று கையைத் தூக்கினார். தோட்டுக்கு மிஞ்சிய இரண்டில் ஒன்றைக் கொடுத்தார். முட்டையை மட்டும் தொடவில்லை. "அம்மிணி எடுத்துக்கட்டுங்க" என்றார். எடுத்துக்கொண்டேன்.

ஆவணியில் அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனோம். பெண்ணின் காதில் தோடு மின்னியது. கடைக்காரர் வீட்டுக்காரரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சம்பந்தியிடம் நிறுத்தினார்.

"இவருதானுங்க. பெரிய தர்மவானுங்க. இவரு குடுத்த காசுலதான் புள்ளைக்குத் தோடு எடுத்தனுங்க."

பந்தியில் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். நான் நன்றாகச் சாப்பிட்டேன்.