காவல் கேட்காத ஊசி

இசைத்தட்டு சுழல ஆரம்பித்ததும் நெமேசியோ இடது முழங்காலை மேசைக் காலோடு ஒட்டி வைத்துக்கொள்வார். இடது உள்ளங்கை மேசைக்கு அடியில் போய் மேல்நோக்கி அழுந்தும். வலது கைச் சுண்டுவிரல் மட்டும் ஊசி பொருத்திய கரத்துக்குக் கீழே, தொடாமல், ஓர் அரிசி இடைவெளியில் நிற்கும். அதற்குப் பிறகு பாட்டு முடியும்வரை தலை நிமிராது. வாரம் முழுக்க மியகாவ் ஊர்த் தெருக்களில் தண்ணீர் மீட்டர்களின் முள்ளைப் பார்த்து எழுதும் கண், ஞாயிறு மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை இந்த ஊசியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நெல் கூட்டுறவுச் சங்கத்தின் மாடி அது. கீழே மூட்டைகள், மேலே மரத்தளம். அறுபது வயதை ஒட்டிய இருபது ஜோடிகள் அங்கே சாச்சா நடனம் ஆடும்போது தளம் படகு மாதிரி அசையும். ஊசிக்குத் துணையாக அதன் தலையில் இருபத்தைந்து சென்டாவோ காசு ஒன்றை நெமேசியோ ஒட்டி வைத்திருந்தார். மற்றவர்கள் எப்படிக் குதித்தாலும் தாங்கிவிடும். மேசைக்கு எதிரே நான்காவது பலகையில் சால்விங் கால் வைத்தால் மட்டும் தாங்காது. ஊசி துள்ளி இரண்டு வரி தள்ளிப் போய் விழும். நெமேசியோ திடுக்கிட்டு நிமிர்வார். எதிரே சால்விங் புருவத்தை உயர்த்தி நிற்பாள்.

அன்றும் அப்படித்தான் ஆயிற்று. அவளோடு ஆடிக்கொண்டிருந்த குஸ்திங், நாற்பது வருஷம் ஜீப்னி வண்டியில் ஆள் ஏற்றி ஓட்டி ஓய்ந்தவர், மாடி அதிரக் கத்தினார்.

“போச்சு! சால்விங் அக்கா வந்துட்டாங்க, பாடறவனுக்குப் பல்லு உதிர்ந்துபோச்சு!”

“என் கால்மேல உடம்புன்னு ஒண்ணு இருக்கு குஸ்திங். உன் கால்மேல வெறும் சட்டைதான் தொங்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். சந்தையில் பால்மீன் விற்பவளிடம் வாய் கொடுத்தால் அவ்வளவுதான். சால்விங் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மேசையருகே வந்தாள்.

“நெமேசியோ, அடுத்த ஞாயித்துக்கு அடுத்தது திருவிழா. என்கூட ஒரு சாச்சா ஆடணும்.”

“நானா? ஊசிய யாரு பாத்துக்கறது?”

“பதினொரு வருஷமா இதே பதில். பாத்துக்கவே வேணாத ஊசியா ஒண்ணு வாங்கு. இல்லன்னா சொல்லிடு. தனியா இருக்காதன்னு பகோலோட்ல என் மக கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. திருவிழா முடிஞ்சதும் கடைய மூடிட்டு அங்கேயே போயிடறேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பகோலோட் என்று சொன்னபோது குரலில் சிரிப்பு இல்லை. மனைவி இறந்து பதினாலு வருஷம் ஆன நெமேசியோவுக்கு அது காதில் விழுந்தது. அன்று மீதிப் பாட்டுகளில் இரண்டு தட்டுகளைத் தலைகீழாகப் போட்டார்.

கப்பலில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் ஜெர்வின் அந்த வாரம்தான் விடுமுறையில் வந்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும், யோகோஹாமாவில் ஒரு பழைய சாமான் கடையில் தியோ என்று தான் கூப்பிடும் சித்தப்பாவுக்காக வாங்கிய இரண்டு சின்னப் பெட்டிகளை எடுத்து வைத்தான். இரண்டிலும் கரத்தின் நுனியில் மாட்டும் ஊசித்தலைகள். ஒன்றில் ஊசியோடு தலைமுடியைவிட மெல்லிய கம்பிச் சுருள் அசையும். அதன் குரல் அத்தனை மெலிதானதால், பெருக்கிக் கொடுக்கத் தனியாக ஒரு குட்டிப் பெட்டியும் வந்திருந்தது. மற்றதில் ஊசியோடு அசைவது காந்தம். அந்தத் தலை கட்டைவிரல் பருமன், முரட்டு உடம்பு.

நெமேசியோ வீட்டு இசைத்தட்டுப் பெட்டியில் முதலில் சுருளை மாட்டினார்கள். பாடகி அடுத்த அடிக்கு மூச்சு இழுக்கும் முன் உதட்டை ஈரப்படுத்துவது கேட்டது. முப்பது வருஷமாகத் தெரிந்த பாட்டில் யாரோ பின்னால் நாற்காலியை நகர்த்தினார்கள்.

“யாருடா அது?” என்று நெமேசியோ வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“தட்டுக்குள்ள தியோ, தட்டுக்குள்ள!”

ஜெர்வின் எழுந்து மூங்கில் தளத்தில் ஒரு குதி குதித்தான். சுருள் ஊசி பாட்டின் கடைசிக்கே பறந்துவிட்டது. காந்தத்தை மாட்டிவிட்டு மறுபடி குதித்தான். பக்கத்து வீட்டு நாயும் ஓடி வந்து கூடவே குதித்தது. ஊசி அசையவில்லை. ஆனால் உதடு இல்லை, நாற்காலி இல்லை. மத்தளமும் குரலும் பலகையில் அடித்த ஆணிபோல நின்றன.

“இது அஞ்சு கிராம் அழுத்தும் தியோ. ஒவ்வொரு தடவையும் தட்டையும் கொஞ்சம் தேய்ச்சுத் தின்னும். கேக்கறவங்களுக்குச் சுருள், ஆடறவங்களுக்குக் காந்தம். நீங்க யாரு?”

“நான் மீட்டர் பாக்கறவன்டா,” என்றார் நெமேசியோ.

பத்து சாயங்காலம் சுருளைக் கேட்டார். சமைக்க மறந்து வாழைப்பழம் தின்றார். ஒருநாள் அந்த நாற்காலிக்காரரிடம், “மெதுவாப்பா, அவங்க பாடறாங்க,” என்றுகூடச் சொன்னார். திருவிழா ஞாயிறன்று இரண்டையும் ஒரு சோப்பு டப்பாவில் பஞ்சு வைத்துச் இஸ்திரி போட்ட சட்டையின் பையில் போட்டுக்கொண்டு, குட்டிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனார்.

முதல் ஒரு மணி நேரம் மெதுவான பாட்டுகள், சுருளில். ஆடியவர்கள் பாதியில் நின்று கேட்டார்கள். பிபிங்கா அரிசிப் பணியாரம் தின்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். சால்விங் மட்டும் கேட்கவில்லை. கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக மேசையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சாச்சாவுக்கு நேரம் வந்தது. நெமேசியோ சுருளைக் கழற்றிப் பஞ்சில் படுக்கவைத்தார். காந்தத்தை மாட்டி, பின்னாலிருந்த எடையைத் திருகினார். இருப்பதிலேயே தனக்குப் பிடித்த தட்டை எடுத்து, ஒரு தடவை துடைத்து வைத்தார். ஊசி இறங்கியது. முழங்காலை விலக்கினார். கையை எடுத்தார். எழுந்தே விட்டார்.

“தீ கீ பிடிச்சிருச்சா?” என்று குஸ்திங் கத்தினார். “இந்த ஆளுக்கு இடுப்புக்குக் கீழயும் உடம்பு இருக்கே!”

பாட்டு ஒவ்வோர் எழுத்தும் மனப்பாடம், கால்களுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. நெமேசியோ வாய்விட்டு எண்ணிக்கொண்டு ஆடினார். மூன்றடிக்கு ஒரு தடவை திரும்பி மேசையைப் பார்த்தார். சால்விங் அவர் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“அது எங்கயும் ஓடாது. ஓடினா நான் புடிச்சுத் தரேன்.”

சுற்றிச் சுற்றி நான்காவது பலகைக்கு வந்தார்கள். அவள் குதிகாலால் ஓங்கி மிதித்தாள். பாட்டு நிற்கவில்லை. இன்னொரு தடவை மிதித்தாள்.

“நல்ல ஊசிதான்,” என்றாள், கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு.

அன்று ஒரு சாச்சா என்றது ஆறு ஆயிற்று. பகோலோடுக்கு யாரும் போகவில்லை. ஜனவரியில் கல்யாணம். இப்போது அந்தத் தட்டு தேய்ந்து, பாட்டோடு மழை பெய்கிற மாதிரி சத்தம் கேட்கிறது. நெமேசியோ அதைப் பொருட்படுத்துவதில்லை.

கல்யாண விருந்தில் இரண்டாவது குவளைக் கள்ளுக்குப் பிறகு குஸ்திங்தான் சொன்னார்: “நான் ஜீப்னி ஓட்டினவன்தான். ஆனா அந்த மாடியில ஸ்டியரிங் அவங்க கையில. நான் சன்னல் பக்கம் போனாலும் இழுத்துக்கிட்டு மேசைப் பக்கம் வந்துடுவாங்க.” அந்தப் பலகையில் ஆணி தளர்ந்திருப்பது முதல் வருஷத்திலிருந்தே சால்விங்குக்குத் தெரியும். அதை அவள் ஒரு தடவைகூடத் தெரியாமல் மிதித்ததில்லை. ஊசி துள்ளினால்தான் நெமேசியோ தலையை நிமிர்த்துவார்.