படத்தில் இல்லாத தம்பி

போன வியாழக்கிழமை கனடாவிலிருந்து பதில் வந்தது. அக்காவின் விசா விண்ணப்பத்துக்கான பதில். வந்தது என் மின்னஞ்சலுக்கு. படிவத்தை நிரப்பியவன் நான்தானே!

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை பார்த்த முதல் ஆள் நான். அப்பா கடலுக்குப் போனவர். அக்கா எட்டாம் வகுப்போடு நின்று கருவாடு காயப்போட்டவள். சல்லி என்கிற எங்கள் கடற்கரை ஊரில், எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டுக்கு ஆங்கிலத்தில் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்பது இந்தப் பத்தியை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்.

அன்றும் வாசித்தேன். அக்கா குசினி வாசலில் நின்றாள். அவளுடைய மகள் மதுஷா — ஒன்பது வயது — கதிரையில் ஏறி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"இல்லையாம் அக்கா. உண்மையான கலியாணம் எண்டு அவை நம்பேல்லையாம். சனம் குறைவாம்... வரவேற்பும் வைக்கேல்லையாம்... விசாவுக்காகச் செய்தது போலக் கிடக்காம்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

அவ்வளவு இல்லை. இன்னொரு வரி இருந்தது. அதை விழுங்கிவிட்டேன்.

மதுஷா கதிரையிலிருந்து இறங்கினாள். "மாமா, நான் வகுப்பில எல்லாருக்கும் டொபி குடுத்து, போறன் எண்டு சொல்லிட்டனே! நாளைக்கு எப்பிடிப் பள்ளிக்கூடம் போறது?"

அக்கா கொழும்பில் நேர்முகம் முடித்து வந்த மறுநாளே மதுஷா மிட்டாய் கொடுத்துவிட்டாளாம்.

விழுங்கிய வரியைச் சொல்வதென்றால் கலியாணத்தைச் சொல்லவேண்டும்.

அக்காவின் முதல் புருஷன் மதுஷா கைக்குழந்தையாக இருக்கும்போதே விட்டுவிட்டுப் போனவர். கோர்ட்டில் விவாகரத்தும் முடிந்தது. பல வருடங்கள் கழித்து ரூபன் அத்தானின் சம்பந்தம் வந்தது. இறக்கக்கண்டி ஊர்க்காரர், கனடாவில் பேக்கரியில் வேலை, மனைவியை இழந்தவர். ஒன்றரை வருடம் தொலைபேசியில் கதைத்தார்கள். அக்கா சிரிப்பது வெளி முற்றம்வரை கேட்கும்.

எனக்குச் சந்தோஷம் இல்லையா? இருந்தது. ஆனால் ஒழுங்கையும் இருந்தது. "பேப்பரில எழுதுற தம்பி" என்று மரியாதை தருகிற ஒழுங்கை.

"சிம்பிளாச் செய்வம் அக்கா. சனம் கதைக்கும்," என்றேன். பதினொரு பேர். கோயிலில் தாலி, பிறகு பதிவு, மத்தியானச் சாப்பாடு. ஃபோட்டோக்காரரைக்கூட வேண்டாம் என்று சொன்னவன் நான்தான்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வாசலுக்கு வந்தால் பெண்ணின் தம்பி அவருக்குக் கால் கழுவி, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போக வேண்டும். மாப்பிள்ளை அவனுக்கு ஒரு மோதிரம் போடுவார். கலியாணத்துக்கு முதல்நாள் அக்கா மெல்லக் கேட்டாள்.

"தம்பி, கால் கழுவச் செம்பு எடுத்து வைக்கட்டோ?"

"ரெண்டாம் கலியாணத்துக்கு உதெல்லாம் என்னத்துக்கு? நான் படம் எடுக்கிறன்."

கலியாணத்தில் ஒளிந்துகொள்ள ஆகச் சிறந்த இடம் எது தெரியுமா? கமராவுக்குப் பின்னால். யாரும் உங்களைத் தேடமாட்டார்கள். பொறுப்பான பிள்ளை என்று பாராட்டவும் செய்வார்கள்!

ரூபன் அத்தான் கோயில் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு தானே குழாயைத் திறந்து, தன் காலைத் தானே கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். அதையும் படம் எடுத்தேன். விண்ணப்பத்தோடு அனுப்பியும் வைத்தேன்.

நான் விழுங்கிய வரி இதுதான்: மணமகளின் ஒரே சகோதரர் எந்தப் படத்திலும் இல்லை, ஏன் என்று கேட்டபோது விண்ணப்பதாரர் விளக்கம் தரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தேத்தண்ணி தரும்போது அக்கா கேட்டாள். "நேற்று நீ ஒரு விஷயத்தை விட்டிட்டாய், என்ன?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கொழும்பில நேர்முகத்திலயே கேட்டவை. தம்பி எங்கே எண்டு. அவன்தான் படம் எடுத்தவன் எண்டன். சாப்பிடேக்கையுமோ, ஒருத்தரும் ஃபோனை வாங்கி அவனை ஒரு படம் எடுக்கேல்லையோ எண்டு திருப்பிக் கேட்டவை."

"என்ன சொன்னீங்கள்?"

"என்ர தம்பிக்கு என்னை நினைக்க வெக்கம் எண்டு, தெரியாத மனுசரிட்டச் சொல்ல ஏலுமோ? பேசாமல் இருந்தனான்."

தேத்தண்ணி ஆறிப்போனது. என் வெட்கத்தைக் காப்பாற்றத் தன் பயணத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இவ்வளவு நாளும் ஒரு சொல் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் கலியாணப் படங்களோடு டவுனில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். அங்கிருந்தவருக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. "உங்களைப் படத்துக்கு உள்ளுக்க வைச்சுத் தாறன் அண்ணே. கொம்பியூட்டரில அஞ்சு நிமிச வேலை. வேட்டியோ, கோட்டோ?"

வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஆனால் ஒரு கணம், எந்த வேட்டி என்று யோசித்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை அத்தான் வீடியோவில் வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "தம்பி, என்ர கால் இன்னும் அழுக்காத்தான் கிடக்கு. அடுத்த முறை செம்போட நில்லும்!" என்று சிரித்தார். அவருக்குப் பின்னால் ஒரு சின்னக் கட்டில் தெரிந்தது. மதுஷாவுக்கு வாங்கியது. மெத்தையைச் சுற்றிய பொலித்தீன் இன்னும் பிரிக்கப்படவில்லை.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மீண்டும் விண்ணப்பிக்கலாமாம். எத்தனை மாதம் போகும் என்று யாராலும் சொல்ல ஏலாது. இந்த முறை என் பெயரில் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அக்காவின் இரண்டாம் கலியாணத்தை நினைத்து வெட்கப்பட்டேன். அதனால் கால் கழுவவில்லை. அதனால் படங்களில் இல்லை. குறை என்னுடையது, அவர்களின் கலியாணத்தில் இல்லை — இவ்வளவுதான் விஷயம். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஆகக் கடினமான ஆங்கிலம்.

அதை அக்காவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். ஒரு வரியும் விடவில்லை.

அக்கா என் ஃபோனை வாங்கி, கலியாணப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனாள். தாலி கட்டும் படத்தில் நிறுத்தினாள். இடது மூலையில் சிவப்பாக ஏதோ மறைத்துக்கொண்டிருந்தது.

"இது என்ன?"

"என்ர விரல். கமராவை மறைச்சிட்டுது. பழுதான படம், அதுதான் அனுப்பேல்லை."

"இதையும் சேர்."

"அக்கா, இதைப் பார்த்துச் சிரிப்பினம்."

"சிரிக்கட்டும். இதிலயாவது நீ நிக்கிறாய்."

சேர்த்துவிட்டேன். படத்தின் கீழே ஒரு குறிப்பும் எழுதினேன்: இடது மூலையில், மணமகளின் தம்பி.