கொழும்பில் தேடிய இத்தாலிச் சாப்பாடு

மூன்று வருடங்களுக்கு முன்பு, பங்குனி மாதத்து வெயிலில், புங்குடுதீவு மடத்துவெளியிலுள்ள எங்கள் வீட்டு வாசலில் ஒரு வான் வந்து நின்றது. இத்தாலிக்குப் போன என் அண்ணை இருபத்திரண்டு வருடங்களுக்குப் பிறகு அதில் வந்திறங்கினார். இறங்கியவரைத் தாண்டி நான் வானுக்குள் எட்டிப் பார்த்தேன், அண்ணை இன்னும் உள்ளே இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு. முன்னால் நிற்பவர்தான் அவர் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவ்வளவுக்கு உருகிப் போயிருந்தார்.

அண்ணை என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். யுத்த காலத்தில் போனவர். கல்யாணம் கட்டவில்லை. பலெர்மோ என்ற நகரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கதைப்பார். என்ன வேலை என்று கேட்டால் "ஹொட்டலிலை" என்பார். அதற்குமேல் நானும் கேட்டதில்லை. ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் "அண்ணை அங்கே ஹொட்டல் மனேச்சர்" என்று சொல்லி வைத்தேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டது.

வந்த முதல் கிழமையே அவர் உண்மையைப் போட்டு உடைத்தார். எட்டு வருடம் கோப்பை கழுவினாராம். பிறகு மரக்கறி வெட்டினாராம். அதற்குப் பிறகு சமையல். அந்த உணவகத்தில் மீன் சாப்பாடுகள் எல்லாம் கடைசியில் அவருடைய கையால்தானாம். அவர் பெருமையோடுதான் சொன்னார். என் மனைவி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன்.

அடுத்த நாள் அவர் என் மனைவியிடம், "பிள்ளை, ஒருக்கா குசினியை எனக்கு விடுமன், நான் சமைக்கிறன்" என்று கேட்டார். அவள் சம்மதித்துவிட்டாள். நான்தான் குறுக்கே போனேன். "வருத்தக்காரன் உங்களுக்கு ஏன் குசினி? சும்மா இருங்கோ அண்ணை" என்றேன். அக்கறையில் சொன்னது போலத்தான் எல்லோருக்கும் பட்டிருக்கும். ஆனால் அவரைப் பார்க்க நாள் முழுக்க ஊர்ச் சனம் வந்துகொண்டிருந்தது. 'மனேச்சர்' அகப்பையும் கையுமாக நிற்பதை அவர்கள் பார்க்கக் கூடாது என்பதுதான் என் யோசனை. இதை இன்றுவரை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

இன்னும் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் ஏதோ சாட்டுச் சொல்லித் தடுத்தேன். பிறகு அவர் கேட்கவில்லை.

அவருக்கு உணவுக் குழாயில் ஏதோ நோய். "சின்னப் பிரச்சினை, அங்கேயே பாத்தாச்சு" என்று மழுப்பிக்கொண்டிருந்தார். கஞ்சி குடிப்பதற்கே அரை மணித்தியாலம் எடுத்தது. கொழும்பில் பெரிய டொக்டரிடம் காட்டியே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். முதலில் மறுத்தவர், ஒரு நாள் காலையில் தானாகவே வந்து சொன்னார்.

"சரி, வாறன். ஆனா கொழும்பிலை நல்ல இத்தாலிச் சாப்பாட்டுக் கடை ஒண்டுக்கு நீ என்னைக் கூட்டிக்கொண்டு போகோணும்."

கஞ்சியே இறங்காத மனிதருக்கு இதென்ன ஆசை என்று நினைத்தேன். ஓம் என்று தலையாட்டினேன்.

கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கினோம். முதல் நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். பின்னேரம் லொட்ஜ்காரரிடம் இத்தாலிச் சாப்பாடு எங்கே நல்லது என்று விசாரித்தேன். அவர் ஒரு பெரிய கடைத் தொகுதியைக் காட்டிவிட்டார். அங்கே பீட்சாக் கடையில் யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள் நடந்துகொண்டிருந்தது. பலூனும் சத்தமுமாக இருந்தது. அண்ணை ஒரு ஓரத்தைப் பிய்த்து வாயில் வைத்தார். "இது பாண்" என்றார். அவ்வளவுதான். எழுந்துவிட்டார்.

இரண்டாம் நாள் கடலைப் பார்த்தபடி இருந்த ஒரு நட்சத்திர ஹொட்டலுக்குப் போனோம். போனில் தேடிக் கண்டுபிடித்தது. பாற்கட்டியும் ஆடையும் மிதக்கிற வெள்ளைக் குழம்பில் கோழித் துண்டுகள் போட்டு ஒரு சாப்பாடு வந்தது. அண்ணை கரண்டி நுனியால் தொட்டுப் பார்த்தார். பிறகு பரிமாறியவரிடம், குசினியைப் பார்க்கலாமா என்று கேட்டார். அந்தப் பையன் சிரித்துவிட்டு, ஏலாது என்றான். எனக்கு அவமானமாக இருந்தது. "என்ன அண்ணை இது, ஆக்கள் பாக்கினம்" என்று அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, நோகாமல் இருக்க மருந்து எழுதித் தருகிறேன் என்றார். இரண்டு மாதம் இருந்தால் பெரிய காரியம் என்றார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அண்ணை நீட்டு வாங்கிலில் இருந்தார்.

"மருந்து தந்திருக்கினம். சரி வருமாம்" என்றேன்.

"உனக்குப் பொய் சொல்ல வராது தம்பி. எனக்கு அங்கேயே சொல்லிப்போட்டாங்கள். தெரிஞ்சுதான் வந்தனான்."

"பிறகேன் என்னோடை கொழும்புக்கு வந்தனீங்கள்?"

"நீ ஆசைப்பட்டாய். நானும் உன்னட்டை ஒண்டு கேட்டனான் எல்லோ."

மூன்று நாள் அலைச்சல், டொக்டர் சொன்னது, என் பயம், எல்லாம் சேர்ந்து ஒரேயடியாக வெடித்தது. "சாகப்போற நேரத்திலை உங்களுக்கு இத்தாலிச் சாப்பாடு ஒரு கேடோ?" என்று கத்திவிட்டேன். வரிசையில் இருந்த நோயாளிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணை வாங்கிலைப் பிடித்து மெல்ல எழுந்தார்.

"சரி, விடு. வீட்டை போவம்" என்றார்.

வெளியே ஓட்டோவில் ஏறிய பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக ஓட்டோக்காரரிடம், நல்ல இத்தாலிச் சாப்பாட்டுக் கடை தெரியுமா என்று கேட்டேன். அவர் மலையகத் தமிழர். கண்ணாடியில் அண்ணையைப் பார்த்தார். "பெரிய கடை தெரியாதுங்க. ஆனா இத்தாலியில ரொம்ப வருசம் இருந்த குக் ஒருத்தர் இருக்காரு, நம்ம வண்டியிலதான் வருவாரு. அங்க போவமா?" என்றார். நான் போகச் சொன்னேன்.

ஒரு ஒழுங்கைக்குள், பழைய வீடொன்றைக் கடையாக்கியிருந்தார்கள். நாங்கள் போனபோது பின்னேரம் மூன்று மணி இருக்கும். மதியச் சாப்பாடு முடிந்து பூட்டியாகிவிட்டது என்று காவலாளி கையை விரித்தார். படலைக்கு உள்ளே, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். அண்ணை கம்பியைப் பிடித்துக்கொண்டு, கரகரத்த குரலில் அவரைப் பார்த்து ஏதோ சொன்னார். அது தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. அந்த மனிதர் உள்ளியை அப்படியே போட்டுவிட்டு எழும்பி ஓடி வந்தார்.

அவர் நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களவர். அண்ணைக்குச் சிங்களம் தெரியாது. அவருக்குத் தமிழ் அரைகுறை. இரண்டு பேரும் இத்தாலி மொழியில் கதைக்கத் தொடங்கினார்கள். இரண்டு கிழமையாக எங்கள் வீட்டில் ஒரு மூலையில் சுருண்டு கிடந்த அண்ணை, இரண்டு கைகளையும் ஆட்டி, கண்ணை உருட்டி, சிரித்துக் கதைத்தார். நான் பக்கத்தில் ஊமை போல நின்றேன். இந்த ஆளை எனக்குத் தெரியாது என்று தோன்றியது. பிறகு அண்ணை தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். அந்த மனிதரின் சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

அண்ணைக்கு ஒரு ஏப்ரன் கட்டிவிட்டார். வேலையாட்களின் இராச் சாப்பாட்டுக்காக வாங்கி வைத்திருந்த சூடை மீனை எடுத்துக் கொடுத்தார். நான் குசினிக் கதவடியில் நின்று பார்த்தேன். அண்ணை கத்தி வைக்காமல் பெருவிரலாலேயே மீனைப் பிளந்து முள்ளை இழுத்தெடுத்தார், ஒன்றன்பின் ஒன்றாக. வெங்காயத்தை வதக்கினார். பெருஞ்சீரகத்தை நசுக்கிப் போட்டார். பாண்தூளை எண்ணெயில் பொன்னிறமாக வறுத்தார். இடையிடையே சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். அந்த மனிதர் உதவிக்குக் கை நீட்டவில்லை, கேட்டதை மட்டும் எடுத்துக் கொடுத்தார். கடைசியாக ஒரு பிடி முந்திரிகை வத்தலை, இனிக்கிற உலர்ந்த திராட்சையை, அள்ளி மீனுக்குள் போட்டபோது நான் முகத்தைச் சுளித்தேன்.

அவித்த ஸ்பகெட்டியில் எல்லாவற்றையும் பிரட்டி, ஒரு வெள்ளைச் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு, விளிம்பைத் துணியால் துடைத்து, அண்ணையே தூக்கிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் வைத்தார்.

"சாப்பிடு" என்றார்.

"நீங்கள்?"

"எனக்கு இறங்காது. நீ சாப்பிடு."

எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்து என் வாயையே பார்த்தார்.

நான் தீவான். சூடை மீன் என்றால் புளியும் தூளும் போட்ட குழம்பு, இல்லையென்றால் பொரியல். இனிப்பும் மீனும் ஒன்றாக வாய்க்குள் போனதும் எனக்குக் குமட்டியது. சமாளித்து விழுங்கினேன். வத்தல்களைப் பொறுக்கிக் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தேன். பாதிக்கு மேல் என்னால் முடியவில்லை. காலையிலிருந்து ஒன்றுமே சாப்பிடாதவன், "வயிறு நிறைஞ்சிட்டுது அண்ணை. நல்லாயிருக்கு" என்று சொல்லிக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

அண்ணை மிச்சத்தைப் பார்த்தார். ஓரத்தில் வரிசையாகக் கிடந்த வத்தல்களைப் பார்த்தார். கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மிச்சத்தைக் கொட்டினார். அந்த மனிதர் தடுக்கத் தடுக்கக் கேட்காமல், குழாயைத் திறந்து, அந்தக் கோப்பையை முன்னும் பின்னுமாகக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார்.

அண்ணை முன்னால் போய் ஓட்டோவில் ஏறினார். அந்தச் சமையல்காரர் படலையடியில் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். தனக்குத் தெரிந்த தமிழில் திக்கித் திக்கிச் சொன்னார்: "அண்ணன் சொன்னது, எல்லாருக்கும் சமைச்சதாம். தம்பிக்கு ஒரு நாளும் சமைச்சுக் குடுத்தது இல்லையாம். அதுக்குத்தான் கடை தேடி வந்ததாம்."

அந்த இரண்டு கடைகளிலும் அவர் தேடியது சாப்பாட்டை இல்லை, ஒரு அடுப்பை. என் வீட்டில் நான் தர மறுத்த அடுப்பை.

அடுத்த நாள் யாழ்ப்பாணம் வந்து, குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறினோம். மண்டைதீவைத் தாண்டியதும் அண்ணை என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். எழும்பியதும் மன்னிப்புக் கேட்கலாம், மடத்துவெளியில் இறங்கியதும் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். இறங்கியதும் அவர் என்னிடம் தண்ணீர் கேட்டார். நான் கொடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், அண்ணை எப்போது கேட்டாலும் குசினியை விடு என்று சொன்னேன். யார் வந்தாலும் பார்க்கட்டும் என்றேன். ஆனால் அதற்குப் பிறகு அவரால் எழுந்து நிற்கவே முடியவில்லை. ஒரு முறை கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, "அண்ணை, அண்டைக்கு நீங்கள் சமைச்சது..." என்று தொடங்கினேன். அவர் கண்ணைத் திறந்து, "உனக்குப் பிடிக்கேல்லை. அது பரவாயில்லை. எங்கடை ஆக்களுக்கு அந்தச் சுவை பிடிபடக் கொஞ்சம் நாளெடுக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார். எடுப்பதற்கு அவரிடம் நாள் இருக்கவில்லை. வைகாசி பிறந்து நாலாம் நாள் போய்விட்டார்.

செத்த வீடு முடிந்து மூன்றாம் நாள் அவருடைய போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. வயது போன ஒரு பெண்ணின் குரல். அவர் வேலை செய்த இடத்து முதலாளியம்மாவாக இருக்க வேண்டும். இத்தாலி மொழியில் அழுதழுது கதைத்தார். இடையிடையே என் அண்ணையின் பெயர் மட்டும் எனக்கு விளங்கியது. எங்கள் ஊரில் யாரும் அவரைப் பற்றி அவ்வளவு நேரம் அழுது நான் கேட்கவில்லை. என்ன சொல்கிறார் என்று தெரியாமல் "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் எனக்கு விளங்குகிறது என்று நினைத்துக் கதைத்துக்கொண்டேயிருந்தார்.

அண்ணைக்கு வேண்டியதெல்லாம் செய்தவன், கொழும்புவரை கொண்டுபோய்ப் பார்த்தவன் என்று ஊரில் என்னைப் பற்றி இன்றைக்கும் நல்லதாகச் சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம், அவர் சாவதற்கு முன் என்னிடம் எதிர்பார்த்தது பசியோடு உட்கார்ந்து ஒரு நேரச் சாப்பாட்டைச் சாப்பிட்டு முடிப்பதை மட்டும்தான் என்பதும், அந்தச் சின்ன விஷயம்கூட என்னால் முடியவில்லை என்பதும் எனக்குள் அன்றைய நாளைப் போலவே நிற்கின்றன.