மணல் மூட்டை ஏற்றாத ஜீப்பு

அன்று ஜீப்பில் இருந்தவர்கள்: ஓட்டிய மாமா, பக்கத்தில் நான், பின்னால் அம்மா, அத்தை, பெரியம்மா, பெரியப்பா, அவர்களுடைய பிள்ளைகள், பொங்கல் பானை, நேர்ந்துவிட்ட கிடா. இல்லாதவன் மாமாவின் மகன் மட்டும்தான். குவைத்தில் இருந்தான். ஜீப்பு வாங்கிய பணம் அவனுடையது.

மாமா என் அம்மாவுக்கு அண்ணன். அருப்புக்கோட்டையில் அடுத்தவர் லாரியை ஓட்டியே தலை நரைத்தவர். ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை என்பார். கடைசிக் காலத்திலாவது சொந்த வண்டி ஓட்ட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

கிடைத்த பழைய ஜீப்புக்கு முன் அச்சு இல்லை. காயலான் கடையிலிருந்து வேறொரு வண்டியின் அச்சைக் கொண்டுவந்து பூட்டினோம். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான், மெக்கானிக்கல் டிப்ளமோ. அதனால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் வேலைக்கு என்னையும் கூட வைத்துக்கொண்டார். இணைக்கும் கம்பி ஜீப்புடையது. அதன் முனையில் இருந்த கூம்பு சிறியது, அச்சில் அது உட்கார வேண்டிய துளை பெரியது. மாட்டினால் விழப்போகிற பல்லைப் போல ஆடியது.

“தகரத்தச் சுத்தி அடிச்சு எறக்கிருவமா மாப்ளே?”

“வேணாம் மாமா. அத்தன பேரு உசுரும் அதுலதான இருக்கு.”

பாளையம்பட்டி லேத் பட்டறையில், துளைக்கும் கூம்புக்கும் நடுவே உட்கார புஷ் என்கிற இரும்பு வளையம் ஒன்று கடைந்து வாங்கினோம். நீளம் பற்றாத கம்பிக்கு மரை வெட்டி ஒட்டுப் போட்டோம். மாமா அதைப் பிடித்துத் தொங்கியே பார்த்தார். அசையவில்லை. காலி வண்டியைக் காட்டுப் பாதையில் ஓட்டினார். ஒரு விரலுக்குத் திரும்பியது.

ஆள் ஏற்றி ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றேன். அம்மா அடிக்காத குறைதான்.

“குலசாமியக் கும்பிடாத வண்டியில எவடா ஏறுவா? படிச்சா இதெல்லாம் மறந்துபோகுமோ?”

ஓட்டுகிறவரைத் தவிர வேறு யாரும் அதற்கு முன் ஏறுவதில்லை. அது எங்கள் வழக்கம், நானும் விட்டுவிட்டேன். நாலைந்து மூட்டை மணலை ஏற்றி ஓட்டியிருக்கலாம். மணல் ஏறினால் எந்தச் சாமி கோபித்துக்கொள்ளப் போகிறது? எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு திருச்சுழிப் பக்கமிருக்கும் குலசாமி கோயிலுக்குக் கிளம்பினோம். குவைத்திலிருந்து மச்சான் வீடியோ காலில் பார்த்துக்கொண்டே வந்தான். போன் என் கையில்.

“ஏண்ணே, சைக்கிள்காரன்லாம் முந்திட்டுப் போறான்?” என்றார் பெரியம்மா.

“நீ எறங்கு தாயி, வண்டி பறக்கும்.”

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் மாமா, “லேசா எடது பக்கம் இழுக்குதே மாப்ளே” என்றார். அதற்குள் ஒரு வேகத்தடை வந்துவிட்டது. முன் பக்கம் குதித்து அமுங்கியது. ஸ்டீயரிங் அவர் கையை உதறிக்கொண்டு தானே சுற்றியது. வண்டி சாலையை விட்டிறங்கி சீமைக்கருவேலப் புதரில் போய்ச் சொருகி நின்றது.

உயிருக்கு ஒன்றுமில்லை, முள் கீறல்தான். பானை உடைந்தது. கிடா துள்ளி ஓடிவிட்டது.

“சாமிக்கே பிடிக்கல” என்று அத்தை அழுதார்.

“சாமி என்ன செய்யும்? வயசாச்சுல்ல, கை தளந்துபோச்சு” என்றார் பெரியப்பா.

காலடியில் கிடந்த போனிலிருந்து மச்சான் கத்தினான்: “அப்பாகிட்ட இனிமே வண்டியக் குடுக்காதீக! எனக்கு வண்டி வேணாம், அவுக இருந்தாப் போதும்!”

பாசத்தில் சொன்னதுதான். மாமா காதிலும் விழுந்தது.

நான் அடியில் புகுந்து பார்த்தேன். நாங்கள் பயந்த புஷ் அப்படியே இருந்தது. கோளாறு கம்பியின் சாய்வில். அது படுத்தாற்போல் இருக்க வேண்டும். எங்கள் கம்பியோ ஏணி சாத்தியது போல நின்றது. ஆள் பாரத்தில் ஸ்பிரிங் அமுங்க அமுங்க, கம்பி தாழ்ந்து சக்கரத்தைத் தள்ளியிருக்கிறது. காலி வண்டியில் அது தெரியவே தெரியாது. இரண்டு குச்சிகளை வைத்து மாமாவுக்கு விளக்கினேன். யாருடைய கையாக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

“ஸ்டீயரிங்கு என் கையிலதான மாப்ளே இருந்துச்சு.”

அடுத்த வாரம் அச்சுத் துளையை மேல் பக்கமாகக் கடைந்து, புதுப் புஷ் போட்டு, அடியில் மாட்டியிருந்த கம்பியை மேலே ஏற்றிப் படுக்க வைத்தேன். மணல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டு அதே வேகத்தடையில் ஏறி இறங்கினேன். நூல் பிடித்தது போல நேராகப் போனது. மாமா சாலையோரத்தில் நின்று பார்த்தார். சாவியை நீட்டினேன்.

“நீயே வச்சுக்க மாப்ளே. நல்லா ஓட்டுற.”

இப்போது ஒரு மில்லில் வாட்ச்மேனாக இருக்கிறார். உள்ளே வருகிற லாரிகளுக்குக் கேட்டைத் திறந்துவிடுகிறார். வீட்டிலிருந்து மில்லுக்கு டவுன் பஸ்ஸில்தான் போகிறார். ஜீப்பை நான் ஓட்டிப்போகிற நாட்களில் பின்னால் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். அதைச் சரிசெய்ய எங்களுக்கு ஆன செலவு, மணலையும் சேர்த்து, ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.