அந்தோணி அண்ணன் அறுத்த பிஸ்டன்

அந்தோணி அண்ணன் இறந்துவிட்டார்.

காலையில் குரூப்பில் செய்தி வந்தபோது நம்பவில்லை. யாரோ பழைய போட்டோவை வைத்து விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். அவர் மகளுக்கே போன் செய்து கேட்டேன்... உண்மைதான். ஹார்ட் அட்டாக்.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. திருவொற்றியூரில் டிரெய்லர் லாரிகள் நிற்கிற தெருவில் ஒரு தகர ஷெட். அதில் டிராக் ரேஸ் கார்களுக்கு எஞ்சின் கட்டியவர். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த சில வருடங்கள்.

அவர் கட்டினார், நான் ஓட்டினேன். கார் எங்கள் கூட்டாளி நசீருடையது. பார்ட்ஸ் தேடி அலைவதும் நசீர்தான்.

டிராக் ரேஸில் வளைவே கிடையாது. நேர் ரோடு, இரண்டு கார், கால் மைல்... அவ்வளவுதான்.

அண்ணன் யாரையும் நம்பமாட்டார். சீல் உடைக்காத ஆயில் டின்னையும் திறந்து, விரலில் தொட்டு மோந்து பார்ப்பார். டீக்கடையில் புது ஆள் யாராவது எஞ்சினைப் பற்றிக் கேட்டால் அப்படியே வாயை மூடிக்கொள்வார்.

நட்டு ஒவ்வொன்றையும் முறுக்கியபின் அதன்மேலும் அடியிலிருக்கும் இரும்பின்மேலும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரே கோடாகப் போடுவார். கோடு விலகியிருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"இன்னாணா, இங்க நாம மூணு பேர்தானே கீறோம்" என்றேன் ஒருநாள்.

"அத்தான் சொல்றேன். மூணு பேர் கீறோம்."

காரணம் இல்லாமல் இல்லை. முதல் எஞ்சினில் சாதாரண பிஸ்டனோடு, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போவை மாட்டி எண்ணூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடு உடைந்து, எஞ்சின் சுவரையே கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. கொதிக்கிற ஆயிலில் தீ... பக்கத்து சீட்டில் இருந்த அண்ணன்தான் என்னை வெளியே இழுத்துப் போட்டார்.

அதன்பிறகுதான் ஃபோர்ஜ்டு பிஸ்டன் தேடினோம். உருக்கி ஊற்றாமல் அழுத்தி அடித்துச் செய்தது. டர்போவின் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கும். நசீர் எங்கெங்கோ அலைந்து ஒரு செட் கொண்டு வந்தான்.

அண்ணன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டேப்பைப் பிரித்து மறுபடி ஒட்டியது போல் இருந்தது.

"இது டூப்பு மாமு."

"அண்ணா, நானே போயி கையால வாங்கினு வந்தேன்" என்றான் நசீர்.

"அதான் உன்னியே கேக்குறேன். எவன்கிட்ட வாங்கின? அவன் உனுக்கு இன்னா குட்த்தான்?"

நசீர் முகம் மாறிவிட்டது. அண்ணன் கண்டுகொள்ளவில்லை. ஒரு பிஸ்டனை எடுத்து வைஸ் இடுக்கியில் இறுக்கி, ஹேக்ஸா பிளேடால் பாதியாக அறுத்தார்.

உருக்கி ஊற்றிய டூப்பாக இருந்தால் உள்ளே பொத்தல் தெரியும். ஒரு பொத்தல்கூட இல்லை. ஒரிஜினல்.

"அப்டியே என்னியும் மாட்டி அறுத்துப் பாத்துடுணா" என்றான் நசீர்.

அண்ணன் மன்னிப்புக் கேட்கவில்லை. பிளேடைத் துடைத்து வைத்தார்.

அறுத்ததற்குப் பதிலாக இன்னொன்று கிடைப்பதற்குள் அந்த வருட ரேஸ் போய்விட்டது. நசீர் ஷெட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. பேச்சுதான் குறைந்தது. இவர் அவன் கையைப் பார்ப்பார். இவர் பார்ப்பதை அவன் பார்ப்பான்.

அடுத்த வருடம்... ஊருக்கு வெளியே பழைய விமான ஓடுதளம். மண்டையைப் பிளக்கிற வெயில். வரிசையில் எங்கள் முறை வரப்போகிறது. நான் ஹெல்மெட் மாட்டிவிட்டேன்.

அண்ணன் கடைசியாக ஒரு தடவை பானெட்டைத் தூக்கினார். பார்த்தார். ஜன்னல் வழியாகக் கையை விட்டு சாவியை உருவிக்கொண்டார்.

டர்போ பக்கத்தில் ஒரு கம்பி உண்டு. அதன் நட்டைத் திருப்பினால் எஞ்சினுக்குள் போகிற காற்றின் அழுத்தம் கூடும். கூடினால் வேகம். அளவு மீறினால் எண்ணூர் ரோட்டில் நடந்ததுதான்.

அந்த நட்டில் மஞ்சள் கோடு விலகியிருந்தது.

"யாரு?" என்றார். என்னைக் கேட்கவில்லை.

நசீர் தரையைப் பார்த்தான். "நான்தாண்ணா."

"இவன் உள்ள குந்தினு கீறான்டா!"

"நீ டெய்லி சந்தேகப்பட்ற. ஒரு தபாவாச்சும் அதுக்கு ஏத்தாமாரி எதனா பண்ணிட்லாம்னு தோணுச்சு... வண்டி கெளம்புறதுக்குள்ள நீ பாத்துடுவன்னு தெரியும்ணா. நீ பாக்காம வுடுவியா?"

அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அண்ணன் ஸ்பேனரை எடுத்து நசீர் கையில் வைத்தார்.

"நீயே பழைய எடத்துக்குத் திருப்பு."

சொல்லிவிட்டு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். திரும்பவே இல்லை. நசீர் குனிந்து நட்டைத் திருப்பினான். பானெட்டை மூடினான். அதற்குப் பிறகும் அண்ணன் திறந்து பார்க்கவில்லை. சாவியை என்னிடம் நீட்டினார்.

இப்போது எனக்குத்தான் சந்தேகம். இவன் சரியாகத் திருப்பினானா? இவர் ஏன் பார்க்கவில்லை? அந்த நிமிஷம் இரண்டு பேரையுமே நம்பவில்லை. இறங்கிவிடலாம் என்று கதவில் கை வைத்தேன்... எடுத்துவிட்டேன்.

பச்சை விளக்கு. பாதித் தூரம்வரை அழுத்தம் காட்டுகிற முள்ளையே பார்த்துக்கொண்டு போனேன். இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பக்கத்து கார் பின்னால் சின்னதாகிக்கொண்டே போனது.

ஜெயித்தோம். அடுத்த ரவுண்டில் கிளட்ச் கருகித் தோற்றோம். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

திரும்பும்போது காரை ஏற்றிய லாரியில் மூன்று பேரும் முன்சீட்டில். செங்குன்றம் தாண்டுவதற்குள் அண்ணன் தூங்கிவிட்டார். வாய் திறந்து, நசீர் தோளில் தலை சாய்ந்து... ஆள் பக்கத்தில் இருக்கும்போது அவர் கண்ணை மூடி அதுவரை நான் பார்த்ததே இல்லை.

ஷெட் வரும்வரை நசீர் தோளை அசைக்கவில்லை.

இன்று மாலை காசிமேடு கல்லறையில் அடக்கம். தெரிந்தவர்கள் வாருங்கள்.

நானும் நசீரும் வந்துகினே கீறோம்ணா...