அப்பாவோட அம்பாசடருக்கு அம்மா கேட்ட கலர்

இன்னைக்கு டிங்கரிங் பட்டறையில...

(ஒரு துண்டு உப்புத்தாள் என்னென்ன பண்ணும்னு பாருங்க.)

அப்பாவோட அம்பாசடர். அறுபதுகள்ல, அவரோட கல்யாணத்துக்கு வாங்குனது. அவர் போனப்புறம் ராசிபுரத்து வீட்டுல கோழிங்கதான் அதுல குடியிருந்துச்சு.

பெங்களூர்ல இருக்கிற அண்ணனுக்குத் திடீர்னு ஞானோதயம். "ரெஸ்டோர் பண்ணி வின்டேஜ் ராலிக்குக் கொண்டு போறேன். ஒரிஜினல் சாம்பல் கலர்தான் அடிக்கணும். இல்லைன்னா வண்டிக்கு வேல்யூவே கிடையாது."

அவன் சொல்றதோட சரி. சேலத்துல இருக்கிற பாவத்துக்குப் பட்டறைக்கு அலையுறது நான்.

அடுத்து அம்மா. எண்பதை நெருங்குறாங்க. எதுலயும் குறுக்க பேசாதவங்க.

"சாம்பல் வேண்டாஞ்சாமி. மயில்கழுத்து அடிக்கச் சொல்லு."

"அம்மா, காருக்கும்மா. சேலைக்கில்ல."

"காருக்குத்தான் சொல்றேன். கண்ணாலமாயி வந்தப்பவே உங்கப்பாகிட்டக் கேட்டேன். இது கம்பெனி கலரு அம்மிணி, அதைத் தொடக் கூடாதுன்னுட்டாரு. சரின்னு உட்டுட்டேன்."

அப்ப உட்டதை இப்ப புடிச்சுக்கிட்டாங்க. என் நேரம்!

அண்ணன்கிட்ட சொன்னா, "அம்மாவுக்கு என்ன தெரியும்? ஹிஸ்டரி முக்கியம்"ங்கறான். (கோழி எச்சம் கழுவுனப்ப இந்த ஹிஸ்டரி எங்க போச்சுன்னு தெரியல.)

இன்னைக்கு அம்மா கிளம்பி நேரா பட்டறைக்கே வந்துட்டாங்க. மஞ்சப்பையில கல்யாணச் சேலை. பானெட் மேல விரிச்சாங்க.

"இந்தக் கலருங்க."

பெயிண்டர் தலையைச் சொறிஞ்சார். "ஏனுங்கம்மா, பட்டு வெயில்ல ஒரு கலரு, நெழல்ல ஒரு கலரு காட்டுமுங்க. தகரத்துல எப்படிங்க?"

வீடியோ கால்ல அண்ணன், "சாம்பல்! சாம்பல்!"

சரி, அந்தச் சாம்பல் எந்த ஷேடுன்னு பாத்துடலாம்னு பெயிண்டர் கதவு இடுக்குல உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சார். சாம்பல் உதிர்ந்துச்சு. அடியில சந்தனக் கலர்.

"இதுதானுங்க கம்பெனி கலரு. சாம்பல் பொறவு அடிச்சதுங்க."

அம்மா என்னைப் பாத்தாங்க. "கம்பெனி கலருன்னாரே?"

அப்பா வண்டி வாங்கப் போனப்ப கூடப் போனவர் சித்தப்பா. அவருக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கர்ல போட்டேன் பாருங்க, அதுதான் வினை.

சித்தப்பா சிரிக்கிறார். "கண்டுபுடிச்சுட்டீங்களா? அன்னைக்குப் புது வண்டின்னா பதிஞ்சு வச்சு வருசக்கணக்குல காத்திருக்கோணும் சாமி. கண்ணாலம் காத்திருக்குமா? ஏற்காட்டு எஸ்டேட்காரர் ஒருத்தர்கிட்டப் பழசை வாங்கி, வாழப்பாடியில நிறுத்திப் பெயிண்ட் அடிச்சு, புதுசாட்டம் தம்மம்பட்டிக்கு ஓட்டிட்டுப் போனோம். உங்கப்பாவுக்குச் சாம்பல்னா உசுரு."

தம்மம்பட்டி அம்மாவோட பிறந்த ஊர்.

அம்மா சேலையை மெதுவா மடிச்சாங்க.

"எங்கப்பா சாகற வரைக்கும் மாப்பிள்ளை புதுக் கார்ல வந்தாருன்னு ஊரெல்லாம் சொன்னாரு. அது போகட்டும். உங்கொப்பன் தனக்குப் புடிச்ச கலரை அடிச்சுக்கிட்டு, நான் கேட்டப்ப கம்பெனி மேல சாட்டிட்டாரு பாரு."

அதுவரைக்கும் அம்மா மேலயும் எரிச்சலாத்தான் இருந்துச்சு. இதைக் கேட்டப்புறம்தான் உறைச்சுது. இத்தனை வருசத்துல அந்த மனுசி வாய்விட்டுக் கேட்டது ஒரே ஒரு கலர்.

போன்ல அண்ணன்: "அப்ப சந்தனம்தான் ஒரிஜினல். அதை அடிச்சா ராலில..."

கட் பண்ணிட்டேன்.

பெயிண்டர்கிட்ட, "மயில்கழுத்துங்க. வெயில்ல தெரியுற கலர்லயே அடிங்க"ன்னேன்.

கார் விஷயம் முடிஞ்சுது. அப்பாடான்னு வீட்டுக்கு வந்தா அடுத்தது.

அம்மா தினமும் சாயங்காலம் அப்பா போட்டோவுக்குப் பூ வைப்பாங்க. இன்னைக்கு வைக்கல. கேட்டேன்.

"வண்டி வரட்டும். உங்கொப்பனை முன்சீட்டுல வச்சு, அந்தக் கலர்லயே தம்மம்பட்டிக்குக் கூட்டிட்டுப் போறேன். எங்கூர்க்காரங்க பாக்கட்டும். அப்பறம் வெக்கிறேன் பூ."

பெயிண்ட் காய இன்னும் நாள் இருக்கு. அதுவரைக்கும் போட்டோவுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவுல சமாதானம் பேசுறது எப்படி? அனுபவம் உள்ளவங்க யாராச்சும் சொல்லுங்களேன், ப்ளீஸ்.